ஆவணமும் மறதியும்: மலையகத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறை

இலங்கை மலையகத்திலிருந்து 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களை அரசு ஆவணங்கள் ‘தாயகம் திரும்பியோர்’ என்னும் தொடரால் சுட்டுகின்றன. இத்தொடர் பொருத்தமுடையதா என்பது ஐயத்திற்குரியது. அவ்வாறு வந்தோருள் பெரும்பான்மையோர் இலங்கையிற் பிறந்தவர்கள். இந்திய மண்ணை முன்பின் கண்டிராதவர்கள். பிறவாத நாட்டுக்குச் செல்வதைத் ‘திரும்புதல்’ என்று சொல்வது சட்டத்துக்கு வசதியான சொல்லாட்சி. அக்குடும்பங்கள் தம் கடந்த காலத்தைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு சொல்லின, எதனைச் சொல்லாது விட்டன என்று வினவினால், இச்சொல்லாட்சியின் விளைவு வீட்டுக்குள்ளும் தொடர்வதைக் காணலாம்.

மலையகத் தமிழரைப் பற்றிய ஆய்வுகள் தமிழில் மிகுதி. கங்காணி முறை, குடியுரிமைப் பறிப்பு, தொழிற்சங்க வரலாறு, நாட்டார் பாடல், மலையகச் சிறுகதை எனப் பல துறைகளில் நல்ல நூல்கள் வெளிவந்துள்ளன. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’, கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, சி. வி. வேலுப்பிள்ளையின் ‘நாடற்றவர் கதை’ ஆகியன பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களிலும் ஆய்வேடுகளிலும் மீண்டும் மீண்டும் பேசப்பட்டவை. ஆயினும் குடும்பம் என்னும் அலகை எடுத்துக்கொண்டு, ஒரு தலைமுறையின் பட்டறிவு அடுத்த தலைமுறைக்கு எவ்வடிவிற் கைமாறியது எனக் காணும் முயற்சி குறைவு. சட்டங்கள் கேட்ட சான்றுகளுக்கு ஏற்பக் குடும்ப நினைவு தன்னைத் திருத்திக்கொண்டது என்பதும், அத்திருத்தமே பிள்ளைகளுக்கு மரபுரிமையாகக் கிடைத்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

எடுத்துக்கொண்ட குடும்பம் கட்டுரையாளருடையது. கர்நாடகத்தின் தென்கன்னட மாவட்டத்துச் சுள்ளியா வட்டத்து இரப்பர்த் தோட்டத்திற் பிறந்து, கன்னடவழிப் பள்ளியிற் பயின்று, தமிழ் எழுத்தை வீட்டுத் திண்ணையில் தந்தையிடம் கற்றவன் யான். சொந்தக் குடும்பத்தை ஆய்வுப் பொருளாக்குவதில் உள்ள இடர்ப்பாடு தெரிந்ததே. இருப்பினும் இத்தகைய செய்திகளை அயலார் எவரும் வந்து சேகரிக்கும் நிலை இல்லாமையால் இதனைத் துணிந்தேன். பெயர்கள் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டுள்ளன. என் தந்தையின் பாட்டனாரைப் ‘பூட்டனார்’ என்றும், தந்தையைப் பெற்றோரைத் தாத்தா, அப்பாயி என்றும் இக்கட்டுரை குறிக்கும்.

துண்டும் பேரும்

இலங்கையில் கோப்பிப் பயிர்ச்செய்கை தழைத்த காலத்தில் தமிழகத்திலிருந்து சென்றவர்கள் பெரும்பாலும் ஆடவர். அறுவடைக் காலத்தில் மன்னார் வழியாக நடந்து மாத்தளை சேர்ந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் தென்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. சேம்சு தெயிலர் 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பயிர் அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் என்பது இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாகக் குடியேற்றம் நிகழ்ந்தது. ஒரு செடியின் இயல்பு ஒரு மக்கட்கூட்டத்தின் குடும்ப அமைப்பையே தீர்மானித்தது என்பது மலையக வரலாற்றில் அழுத்தம் பெற வேண்டிய செய்தி.

பூட்டனார் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1918 அளவிற் கடல் கடந்தார். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிவிட்டமையால், முந்திய தலைமுறையினர் போலக் காட்டுவழியில் நடந்து மாளும் நிலை அவருக்கு இல்லை. அதே ஊரைச் சேர்ந்த பெரிய கங்காணி முன்பணம் தந்து அழைத்துச் சென்றார். வழிச்செலவு, அரிசி, கம்பளி யாவும் கடனாகப் பதியப்பட்டன.

அக்காலத்தில் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமாயின் ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டும். இவ்வளவு கடனைச் செலுத்தினால் இவரை விடுவிப்போம் என்று தோட்டத்தார் எழுதித் தருவது அது. புதிய தோட்டம் கடனைக் கட்டித் தொழிலாளியைப் பெற்றுக்கொள்ளும். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எங்கள் குடும்பத்தின் பெயர் தாளிற் பதிவான முதல் ஆவணம் அத்துண்டாகவே இருந்திருக்க வேண்டும். அது இன்று இல்லை. ஆனால் ‘கடதாசி வாங்கினால் கடன் ஏறும்’ என்னும் எச்சரிக்கை அப்பாயியின் வாயிற் கடைசிவரை இருந்தது. வங்கிப் படிவத்தைக் கண்டாலும் அவர் இதையே சொன்னார். துண்டு ஒழிந்து பத்தாண்டுக்குப் பின் பிறந்தவர் அவர். மாமியாரிடமிருந்து அவருக்கு வந்த சொல் இது.

மலையக வழக்கில் ஒரு நாட்கூலி ‘பேர்’ எனப்படும். காலையிற் பெரட்டுக்களத்திற் பெயர் பதிந்து, நிறை எடை கொழுந்து கொடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ‘இந்த மாதம் எத்தனை பேர் விழுந்தது?’ என்று கேட்பது கூலிக்கணக்கு. ஆளின் பெயரே ஊதிய அலகாகிய இச்சொல்லாட்சி அகராதியியலார் கருத்துக்குரியது. சுள்ளியாவில் இரப்பர்ப் பால் வெட்டச் சென்ற பின்னும் எங்கள் வீட்டில் ‘அரைப்பேர்’ என்ற சொல் வழங்கிற்று. பிள்ளை பாதி வேலையை விட்டு எழுந்தால், ‘அரைப்பேர்தான் உனக்கு’ என்பார் அப்பாயி. லயம், இஸ்தோப்பு, பிள்ளைக்காம்பரா, தொங்கவீடு என்னும் சொற்களும் அவ்வாறே எங்களிடம் தங்கின. இவற்றுட் சில போர்த்துக்கீசிய, டச்சு மூலமுடையவை என்பதை முதுகலை வகுப்பில் அறிந்தபோது, எங்கள் வீட்டுப் பேச்சு ஏன் பிற தமிழ் மாணவர்க்கு வேடிக்கையாகப் பட்டது என்பது விளங்கிற்று.

1946 சனவரி 1

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசு மலையகப் பகுதிகளில் ஏழு இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் (1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கம்) வந்தது. இலங்கையிற் பிறந்ததோடு தந்தையும் அங்குப் பிறந்தவர் எனக் காட்ட வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்தோர் எனக் காட்ட வேண்டும். பிறப்புப் பதிவு சீராக நடைபெறாத தோட்டங்களில் இது இயலாத செயல். 1949இல் வாக்குரிமையும் போயிற்று.

அதே ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் (1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கம்) ஒரு சிறு வாயிலைத் திறந்தது. 1946 சனவரி 1ஆம் நாளுக்கு முன்பாக, மணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தவராதல் வேண்டும். ஒரே தடவையிற் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டு நீங்கியிருந்தால் அத்தொடர்ச்சி அறுபட்டதாகும். விண்ணப்பிக்க 1951 ஆகஸ்டு 5 வரை தவணை. இலங்கை இந்தியன் காங்கிரசு முதலில் இச்சட்டத்தைப் புறக்கணிக்கச் சொல்லிப் பின்னர் விண்ணப்பிக்கச் சொன்னமையால் கடைசி மாதங்களிற் பெருங்கூட்டம் முண்டியது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன; குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே.

‘இடையறாத வாழ்வு’ என்னும் இந்நிபந்தனை குடும்ப வாழ்வின் மேல் எவ்வாறு பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மலையகத் தமிழர் ஊருக்குச் சென்றது குலதெய்வ வழிபாட்டுக்கு, காதுகுத்துக்கு, பெண் கொடுக்க, பெண் எடுக்க, ஈமக்கடனுக்கு. உறவைப் பேணியவனே தொடர்ச்சியை இழந்தவனானான். உறவை முற்ற அறுத்தவனுக்குச் சட்டம் சலுகை காட்டிற்று. எனவே விண்ணப்பம் எழுதிய ஒவ்வொரு வீட்டிலும், இந்தியாவுக்குப் போய்வந்த கதைகளைச் சுருக்கிச் சொல்லும் தேவை எழுந்தது. ஆறு மாதம் என்று சொல். ஒரு மாதம் என்று சொல். போகவேயில்லை என்று சொல். விசாரணைக்குச் சிறுவர் அழைக்கப்படாவிடினும், யாரிடமேனும் உளறிவிடக்கூடாதே என்னும் அச்சத்தால் அவர்களுக்கும் அவ்வாறே சொல்லிக்கொடுத்தனர்.

பூட்டனார் 1943இல், போர்க்காலத்தில், மனைவி மக்களுடன் ஊருக்குச் சென்றிருக்கிறார். தம் தாயின் ஈமச்சடங்குக்குச் சென்றவர், காய்ச்சலாலும் கைப்பணம் இன்மையாலும் பதினான்கு மாதம் தங்க நேர்ந்தது. பன்னிரண்டுக்கு மேல் இரண்டு மாதம். 1951இற் கொடுத்த விண்ணப்பத்தில் அப்பயணம் இரண்டு மாதப் பயணமாக எழுதப்பட்டது என்பார் தாத்தா. விசாரணையில் உண்மை வெளிப்பட்டு விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. இச்செய்தியைத் தாத்தா தந்தைக்குச் சொன்னதே 1990களிற்றான். அதுவும் ‘ஐயா பொய் சொன்னார்’ என்ற வெட்கத்தோடு. பொய் சொல்ல வைத்த நிபந்தனையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கூறியதில்லை. சட்டத்தின் குற்றம் குடும்பத்தின் மானக்கேடாக உருமாறியதற்கு இதைவிடத் தெளிந்த சான்று எனக்குக் கிட்டவில்லை.

அந்தப் பதினான்கு மாதங்கள் அதன்பின் குடும்பப் பேச்சிலிருந்து நீங்கின. அவற்றோடு நீங்கிய இன்னொன்றைப் பின்னர்க் கூறுவேன்.

ஊரின் பெயர்

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இலால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றோராகக் கணிக்கப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் எனவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம் எனவும் முடிவாயிற்று. 1974இல் இந்திரா காந்தி காலத்து உடன்பாட்டில் அவர்களும் பாதிப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் நிறையுமுன் 1964 திசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. வருவோர் இறங்கும் துறை இராமேசுவரம் ஆயிற்று.

1968 முதல் இரண்டாண்டுக் காலம் விண்ணப்பங்கள் பெறப்பட்டன. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்போர் இந்திய மூலத்தைக் காட்ட வேண்டும். எந்த மாவட்டம், எந்த வட்டம், எந்த ஊர், அங்கே உறவினர் யார்? பதினேழு ஆண்டுகட்கு முன் மறைக்கப்பட்ட ஊர் இப்போது தேவைப்பட்டது. பூட்டனார் 1959இல் இறந்துவிட்டார். தாத்தாவுக்கு ஊரின் பெயர் தெரியும். உறவினர் பெயர் ஒன்றிரண்டு தெரியும். அதற்கு மேல் அவரால் எழுத இயலவில்லை. ‘மறந்து போ என்றார்கள், மறந்தேன், நினை என்றார்கள், எங்கே போவேன்’ என்னும் பொருள்பட அவர் பேசியதைத் தந்தை நினைவுகூர்கிறார்.

பதினெட்டு வயது நிரம்பியவர் தனி விண்ணப்பம் தர வேண்டும் என்பதால் ஒரே லயத்து வீட்டிற் பெற்றோர் இந்தியாவுக்கும் பிள்ளை இலங்கைக்குமாகப் பிரிந்த நிகழ்ச்சிகள் பல. எங்கள் வீட்டிலும் அதுவே நேர்ந்தது. 1950இற் பிறந்த பெரியப்பா இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பெற்றார். தாத்தா இந்தியக் கடவுச்சீட்டுக்கு எழுதினார். ஏன் அவ்வாறு முடிவெடுத்தனர் என்பதற்கு ஒருவர்க்கொருவர் முரணான காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் எதனையும் உறுதியாகக் கொள்ள இயலாது.

1974 தோட்டங்களிற் பஞ்சம் நிலவிய ஆண்டு. மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு, பட்டினிச் சாவுகள். அவ்வாண்டு பயணம் சொல்லிப் புறப்பட்டது குடும்பம். ‘பயணம் சொல்லுதல்’ என்பது அக்காலத்தில் ஒரு சடங்காகவே வளர்ந்திருந்தது. லயம் லயமாகச் சென்று விடைபெறுதலும், நிழற்படம் எடுத்துக்கொள்ளுதலும், இரயில் நிலையத்தில் ஒப்பாரி வைத்து அழுதலும் அதன் கூறுகள். உயிரோடிருப்பவர்க்கு ஒப்பாரி பாடப்பட்ட இவ்வழக்கு நாட்டார் வழக்காற்றியலார் தனியே ஆராயத்தக்கது. தந்தைக்கு அப்போது வயது பதின்மூன்று. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறியதும், மண்டபம் முகாமிற் குடும்ப அட்டை வழங்கப்பட்டதும், வரிசையில் நின்றபோது அதிகாரி ஒருவர் அப்பாயியின் மூக்குத்தியைக் காட்டி விலை கேட்டதும் அவர் நினைவில் உள்ளன.

வந்தவர்களை அரசு பல திட்டங்களிற் பகிர்ந்தது. நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டங்கள், கேரளத்தில் புனலூரை ஒட்டி 1976இல் உருவான மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் வட்டங்களில் வன வளர்ச்சிக் கழகத்தின் இரப்பர்த் தோட்டங்கள், ஆந்திரத்தில் நூற்பாலைகள். மிகப் பலருக்கு வாணிகக் கடன் என்ற பெயரிற் சிறுதொகை. கொழுந்து தவிர வேறு தொழில் அறியாதவர்க்குக் கடை வைக்கக் கடன் தருவது எத்தகைய மறுவாழ்வு என்னும் வினாவை அக்காலத்திலேயே பலர் எழுப்பினர். எங்கள் குடும்பம் சுள்ளியாவுக்கு அனுப்பப்பட்டது. தமிழகத்தில் தங்கியது ஒரு மாதத்துக்கும் குறைவு. ‘தாயகம்’ என்று சொல்லப்பட்ட இடத்தில் இறங்கி, மொழி தெரியாத காட்டுக்கு இரயிலேறினர். இலங்கையில் ‘இந்தியத் தமிழர்’, ‘வடக்கத்தியான்’, ‘கள்ளத்தோணி’ எனப்பட்டவர் இங்கே ‘சிலோன்காரர்’ ஆயினர். இப்பெயர் மாற்றத்தை ஆய்வாளர் பலர் முன்பே சுட்டியுள்ளமையின் விரிவாக எழுதவில்லை.

பெரியப்பாவின் கிளை வேறு திசையிற் சென்றது. 1977 ஆகஸ்டு கலவரத்துக்குப் பின் மலைநாட்டை விட்டு வவுனியாப் பக்கம் குடிபெயர்ந்த பல நூறு குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. 1980களின் பிற்பகுதியிற் கடிதப் போக்குவரத்து நின்றது. 2010இல் அவருடைய மகன் ஒருவருடன் தொலைபேசித் தொடர்பு கிடைத்தது. அவரிடம் குடும்ப வரலாற்றைக் கேட்டபோது கிடைத்த விடை கருதத்தக்கது. ‘நாங்கள் கண்டிப் பக்கத்து ஆட்கள்; கோப்பிக் காலத்திலிருந்தே மலையில் இருந்தவர்கள்; ஊர் என்று ஒன்று இல்லை’ என்றார். இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிய விண்ணப்பத்தின் கதை அது. எங்கள் வீட்டில் நான் கேட்டு வளர்ந்ததோ, ‘நாம் திருச்சிப் பக்கத்தார், சிறிது காலம் சிலோனில் இருந்தோம்’ என்பது. அது இந்தியக் கடவுச்சீட்டுக்கு எழுதிய விண்ணப்பத்தின் கதை. ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகளின் வழித்தோன்றல்கள் இருவேறு வரலாறுகளை உண்மையென நம்பிக்கொண்டிருந்தோம். அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட மலைவாழ்வு ‘சிறிது காலம்’ ஆனதும், 1918இற் சென்றவர் கோப்பிக் காலத்தவர் ஆனதும் ஒரே காரணத்தால் நேர்ந்தவை.

1950 ஆகஸ்டு 10

மூன்றாம் படிவம் எங்கள் தலைமுறைக்கு உரியது. இந்திய அரசியலமைப்பின் 341ஆம் பிரிவின்படி அட்டவணைச் சாதிகளின் பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனியானது. முதல் ஆணை 1950 ஆகஸ்டு 10இல் வெளியாயிற்று. சான்றிதழ் வழங்கும்போது, ஆணை வெளியான நாளில் விண்ணப்பதாரரின் முன்னோர் எங்கு நிலையாக வாழ்ந்தனர் என்பதைப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர் அத்தகுதியைத் தம்முடன் கொண்டுசெல்ல முடியாது என்பதை உச்ச நீதிமன்றமும் 1990இற் கூறிற்று.

1950 ஆகஸ்டில் எங்கள் குடும்பம் இலங்கையில் இருந்தது. அப்போது, 1946 சனவரி 1க்கு முன் அங்கே இடையறாது வாழ்ந்ததாகக் காட்டச் சான்று தேடிக்கொண்டிருந்தது. ஐம்பதாண்டு கழித்து அவர்களின் பேத்தியான என் தமக்கை கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, அந்த 1950இற் குடும்பம் இந்தியாவில் இருந்ததற்குச் சான்று கேட்கப்பட்டது. 2002இல் ஓர் அலுவலகத்தில் தந்தை குடும்ப அட்டையையும் தாத்தாவின் கடவுச்சீட்டையும் மேசைமேல் வைத்தார். ‘இது நீங்கள் வெளிநாட்டில் இருந்ததற்கான சான்றாயிற்றே’ என்றார் அங்கிருந்தவர். அவர் கேலியாகச் சொல்லவில்லை, விதி அவ்வாறிருந்தது. சான்றிதழ் கிட்ட இரண்டாண்டு ஆயிற்று. அதற்குள் தமக்கை முந்திரித் தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்றுவிட்டார். பின்னர்க் கல்லூரியை நினைக்கவில்லை. எனக்குச் சான்றிதழ் ஆயத்தமாக இருந்தது; நான் படித்தேன். எங்களிருவர்க்கும் அறிவில் வேறுபாடு இல்லை. ஒருவேளை அவர் என்னிலும் கூர்மையானவர். இக்கட்டுரையை எழுதும் இடத்தில் அவர் இருந்திருக்கலாம்.

இதனைத் தன்வரலாற்றுப் புலம்பலாகக் கொள்ளலாகாது. மலையகக் குடும்பங்களின் மேல் வினையாற்றிய மூன்று நாட்களை (1946 சனவரி 1, 1964 அக்டோபர் 30, 1950 ஆகஸ்டு 10) ஒருங்கே வைத்து நோக்குமாறு ஆய்வாளரைக் கேட்டுக்கொள்வதே நோக்கம். குடியுரிமை பற்றிய நூல்கள் முதலிரண்டோடு நின்றுவிடுகின்றன. கப்பலேறியவுடன் சிக்கல் தீர்ந்ததாகவே அவை கருதுகின்றன. தமிழகத்துக்கு வெளியே குடியமர்த்தப்பட்டோர் எண்ணிக்கையிற் சிறியவர். ஆதலின் நீலகிரியைப் பற்றி எழுதப்பட்ட அளவிற் சுள்ளியாவைப் பற்றியோ புனலூரைப் பற்றியோ தமிழில் எழுதப்படவில்லை.

ஒப்பாரி

முன்னர்க் கூறாது விட்டதற்கு வருவேன். பூட்டனார்க்குப் பிள்ளைகள் ஐவர் என்றே நாங்கள் அறிந்திருந்தோம். தாத்தா எழுதிவைத்த குடும்பக் குறிப்பிலும், கடவுச்சீட்டு விண்ணப்பத்தின் படியிலும் ஐவர் பெயரே உள்ளன. 2009இல் அப்பாயியின் பாடல்களை ஒலிநாடாவிற் பதிந்தபோது, தம் மாமியார் பாடிய ஒப்பாரி எனச் சொல்லி ஒன்றைப் பாடினார். அதில் ஆறாவதாக ஒரு பெண் பெயர் வந்தது. யார் என்று கேட்டேன். ‘அது பாட்டில் வரும் பெயர்’ என்றார் முதலில். இரண்டு நாட் கழித்து, ‘அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசக்கூடாது என்று மாமா சொல்லியிருந்தார், பேசினால் ஊருக்குப் போனது தெரிந்துவிடும்’ என்றார்.

1944இல் ஊரில் தங்கியிருந்தபோது பூட்டனாரின் கடைசி மகள், நான்கு வயதுக் குழந்தை, காய்ச்சலில் இறந்துள்ளாள். 1951இல் விண்ணப்பம் எழுதும்போது அவளைக் குறிப்பிட்டால் எங்கே இறந்தாள், எப்போது இறந்தாள் என்ற வினா வரும். ஆகவே பிள்ளைகளின் வரிசையிலிருந்து அவள் பெயர் நீக்கப்பட்டது. விண்ணப்பம் தள்ளுபடியான பின்னும் எவரும் அவளை மீளச் சேர்க்கவில்லை. தாய் மட்டும், சட்டம் செவிமடுக்காத ஒப்பாரியில், அப்பெயரை வைத்துக்கொண்டார், மருமகளுக்கும் கற்றுக்கொடுத்தார். ஒப்பாரியில் இறந்தோர் பெயர்களை அடுக்கிச் சொல்லும் மரபு இருந்தமையால் அது இயன்றது.

வாய்மொழிச் சான்று ஒன்றை மட்டும் நம்பி எழுதலாகாது என்பதனால் 2015இல் அவ்வூருக்குச் சென்றேன். பூட்டனாரின் பங்காளி வழியில் எண்பது கடந்த முதியவர் ஒருவர் இருந்தார். கண்டிச்சீமைக்குப் போனவர்களின் வீடு என்று சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டேன். அவ்வாறு போனவர் அவ்வூரிற் பலர் ஆதலால் அவர்க்கு விளங்கவில்லை. பூட்டனாரின் பெயரைச் சொன்னேன்; அதுவும் பிடிபடவில்லை. அருகிலிருந்த அவருடைய தமக்கை, ‘வாய்க்கால் மேட்டில் பிள்ளையைப் புதைத்துவிட்டுப் போனார்களே, அவர்களா?’ என்று கேட்டார். நாங்கள் எதனை மறைத்தோமோ அதனைக்கொண்டே அவ்வூர் எங்களை நினைவில் வைத்திருந்தது. மேட்டைக் காட்டச் சொன்னேன். அங்கே இப்போது சாலை போகிறது.

திரும்பி வந்து தந்தையிடம் கூறியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு குடும்பக் குறிப்பை எடுத்து, ஐந்தாம் பெயருக்குக் கீழே ஆறாம் பெயரை எழுதினார். ஆண்டு தெரியுமா என்று கேட்டார். 1940 என்று இருக்கலாம் என்றேன். ‘இருக்கலாம் என்று எழுதக்கூடாது’ என்று சொல்லி வெறுமனே விட்டார்.

அப்பாயி 2012இற் காலமானார். அவரிடமிருந்து பதிந்தவை மூன்று ஒலிநாடாக்கள். அவற்றுள் ஒன்றில், ஆடி மாத மழை கூரைத் தகட்டில் விழும் ஓசையால் பாதிப் பாடல்கள் கேட்கவில்லை. சுள்ளியாத் தோட்டங்களில் அவர் வயதொத்த பெண்கள் இன்று விரல்விட்டு எண்ணத்தக்க அளவினரே உள்ளனர். புனலூரிலும் நிலை அதுவே. மலையக ஒப்பாரிகளை இதுவரை தொகுத்தவர்கள் பாடுவோரிடம் சொல்லழகையும் உவமையையும் கேட்டுப் பதிந்துள்ளனர். பாடலில் வரும் பெயர்கள் யாருடையவை என்று கேட்டுப் பதிந்த தொகுப்பு ஒன்றையும் நான் காணவில்லை.